தேர்தல் மேடையும் கூழ்முட்டையும்



தேர்தற் காலத்திலே அபேட்சகரை நாடி வருவன பல. மாலைகள் வரும்; மகஜர்கள் வரும்; சில இடங்களிலே கூழ்முட்டையும் வரும். மாலையைப் பற்றியும் மகஜரைப் பற்றியும் பேசுவோர் பலர் இருப்பதனால், கூழ்முட்டையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூறலாமென எண்ணுகிறேன். இது நகைப்புக்குரிய விடயமென்று தோன்றலாம். நகைப்பு இதில் இல்லையென்று நானும் சொல்லவில்லை. ஆயினும், ஒரு முட்டை காரணமாக ஒரு தேசத்திலே புதிய பொலிஸ் படையொன்றே தோன்றியதென்றால், சிறிது நின்று நோக்குவது தகும் அன்றோ?

அவ்வரலாறு அவுஸ்திரேலியாவுக்குரியது. முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். போர்முனைக்கு ஆள் போதாமையால் கட்டாய இராணுவ சேவையைக் கொண்டுவர விரும்பினார் பிரதம மந்திரி வில்லியம் மொரிஸ் ஹியூஸ். 1916 ஆம் ஆண்டு மக்களின் சம்மதத்தை வாக்கெடுப்பு மூலம் கேட்டார், மக்கள் மறுத்தனர். 1917 இல் மீண்டும் கேட்கத் துணிந்து ஊரூராகப் பிரசாரஞ் செய்தார். நவம்பர் 29 ஆம் நாள், குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள வோரிக் என்னும் சிறுபட்டினத்திலே புகையிரதம் தரித்தபோது, நிலையத்திற் கூடியிருந்த சனங்களுக்குப் பேச முற்பட்டார். கூட்டத்திலிருந்து முட்டை பறந்து வந்தது, பிரதம மந்திரியின் தொப்பி கழன்று வீழ்ந்தது, கைகலப்பும் மூண்டது. எறிந்தவனைக் கைதுசெய்யுமாறு அங்கு நின்ற பொலிஸ் அதிகாரிக்குக் கட்டளையிட்டார் ஹியூஸ். அவ்வதிகாரியோ, தாம் மாநிலச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவர் என்று கூறி அசையாது நின்றார். குயின்ஸ்லாந்து மாநில அரசாங்கம் கட்டாய சேவையை எதிர்த்து நின்ற அரசாங்கம் என்பதையுஞ் சேர்த்து எண்ணினால், பிரதம மந்திரிக்கு எத்துணைச் சினம் மூண்டிருக்கும் என்பது விளங்கும். சில நாட்களுக்குள்ளேயே மத்திய அரசாங்கத்துக்கெனத் தனிப் பொலிஸ் படையொன்றை அவர் நிறுவினார். டிசெம்பர் 20 ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் முன்னிலும் கூடிய வித்தியாசத்தில் மறுத்தனர். தொப்பியை வீழ்த்தியது முட்டை. சட்டத்தை வீழ்த்தியது வாக்கு. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

ஆள்வோரை உணவுப்பொருளால் எறியும் வழக்கம் மிகப் பழையது. பின்னாளில் உரோமச் சக்கரவர்த்தியான வெஸ்பாசியன், ஆபிரிக்க மாகாணத்தை நிருவகித்த காலத்தில் டேர்னிப் கிழங்குகளால் எறியுண்டான் என்று சுவெற்றோனியஸ் எழுதியிருக்கிறார். எனினும், இவ்வழக்கம் தேர்தலோடு இணைந்து வளர்ந்த இடம் இங்கிலாந்தேயாகும்.

அக்காலத்து ஆங்கிலத் தேர்தலை இன்றைய தேர்தலைப்போல எண்ணிவிடக்கூடாது. சந்தை வெளியிலே பலகை மேடை எழும்பும். அபேட்சகர் அதில் ஏறி நிற்பார். வாக்காளர் தம் தெரிவைப் பகிரங்கமாக உரைப்பர். நிலக்கிழாரின் ஆள் பக்கத்திலே நின்று யார் யாருக்குச் சொன்னார் என்று குறித்துக்கொள்வான். அவ்வாறு உரைக்கும் உரிமையும் சொத்துடைய ஆடவர் சிலருக்கே இருந்தது. மேடையின்முன் திரண்ட சனங்களுட் பெரும்பாலோருக்கு, கூலியாட்களுக்கு, பெண்களுக்கு, வாக்கே கிடையாது. அவர்கள் கையிலே அழுகிய முட்டையும் சேறும் இருந்தன. தம்மை ஆளப்போகிறவன் எவன் என்பதிற் சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர்கள், கிடைத்ததைக் கொண்டு தம் கருத்தைச் சொன்னார்கள். அதனை வெறும் காடைத்தனம் என்று ஒதுக்க என் மனம் இடந்தரவில்லை. ஜோர்ஜ் எலியட் என்னும் நாவலாசிரியை ‘மிடில்மார்ச்’ என்ற தம் நாவலிலே இத்தகைய காட்சியொன்றைச் சித்திரித்துள்ளார். புரூக் என்னும் கனவான் பேச எழுகிறார், அவருடைய உருவப் பொம்மையொன்று கூட்டத்தின் நடுவே எழுகிறது, முட்டைகள் பறக்கின்றன, கனவானின் அரசியல் ஆசை அத்துடன் அடங்குகிறது. அந்நாவல் வெளிவந்தது 1871 – 72 ஆம் ஆண்டுகளில். 1872 ஆம் ஆண்டிலேயே இரகசிய வாக்குச் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிற்று. முட்டை எறியும் காட்சியை நாவல் படம்பிடித்துக்கொண்டிருந்த வேளையில், அதற்குக் களமாயிருந்த பகிரங்க மேடையைச் சட்டம் அகற்றியது.

பிற்பாடு வாக்குரிமை விரிந்தது. எமது நாட்டிலே 1931 ஆம் ஆண்டு, ஆண் பெண் என்ற பேதமின்றி வயதுவந்தோர் அனைவருக்குமே அது கிட்டியது. ஆகவே, முட்டையை எறிபவன் இன்று வாக்கற்றவன் அல்லன். அப்படியிருக்க ஏன் எறிகின்றான்?

உயர்தர வகுப்பிலே அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் இதற்குக் கூறிய விடை என்னைச் சிந்திக்க வைத்தது. “ஐயா, கேள்வி கேட்டால் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், முட்டையை எறிந்தால்தானே திரும்பிப் பார்க்கிறார்கள்?” என்றான் அவன். இது அலட்சியஞ் செய்யத்தக்க விடையன்று. அபேட்சகர்களின் காதுகள் தடித்துப்போயுள்ளன என்பது நாடறிந்த சங்கதி. அவனுக்கு நான் எடுத்துக்காட்டியது, பிரித்தானியாவிலே 2001 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை.

பொதுத்தேர்தற் பிரசாரம் அங்கே சூடுபிடித்திருந்த வேளை. ஆளும் தொழிற்கட்சி தன் தேர்தல் விஞ்ஞாபனத்தை வெளியிட்டதும் அன்றுதான். பிரதம மந்திரி ரொனி பிளேயர் பேர்மிங்ஹாம் நகரிலே ஒரு மருத்துவமனைக்கு விஜயஞ் செய்தார். புற்றுநோயால் வருந்தும் தம் துணைவருக்கு உரிய பிரிவிலே கட்டில் கிடைக்கவில்லை என்று ஒரு பெண்மணி அவரை வாசலிலேயே மறித்துக் கேட்டார். படப்பிடிப்பாளர் சூழ நின்றனர். பிரதம மந்திரி ஏதோ சமாதானம் சொல்ல முயன்றார், அப்பெண்மணி விடவில்லை. அதே நாள், வேல்ஸ் நாட்டின் றில் என்னும் கடற்கரைப் பட்டினத்திலே, துணைப் பிரதம மந்திரி ஜோன் பிரெஸ்கொட் கூட்டத்துக்குச் சென்றபோது ஒருவர் அண்மையில் நின்று முட்டையால் அடித்தார். இளமையிலே குத்துச்சண்டை பழகியவர் பிரெஸ்கொட். திரும்பிய வேகத்திலேயே இடக்கையால் ஒரு குத்து விட்டார். இருவரும் கட்டிப் புரண்டனர். வழக்குத் தொடரப்படவில்லை. அடுத்த மாதம் 7 ஆம் நாள் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றது.

இவ்விரண்டனுள் உலகம் நினைவில் வைத்திருப்பது எதனை? குத்தையே. முட்டை எறிந்தவரின் குறை யாது என்று கேட்டால் இன்று சொல்லத்தக்கவர் மிகச் சிலர். மருத்துவமனை வாசலில் நின்ற பெண்மணியின் குறையோ, ஒரு வாக்கியத்திலே எவருக்கும் விளங்கும். அதற்கு மறுமொழி சொல்லமுடியாமற் பிரதம மந்திரி தடுமாறியதை நாடே கண்டது. முட்டைக்கு மறுமொழி தேவையில்லை. ஒரு கைக்குட்டை போதும்.

எறியப்பட்டவர்கள் நடந்துகொண்ட விதமும் நோக்கத்தக்கது. 2003 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெக்கர் தம் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்; முட்டை தந்தவர் அதனோடு உண்ணும் பன்றியிறைச்சியையும் தரவேண்டியிருக்கிறது என்று பின்னர் வேடிக்கை பேசினார். வெற்றியும் பெற்றார். உக்ரைன் நாட்டிலே 2004 செப்டெம்பரில் ஜனாதிபதி அபேட்சகர் விக்டர் யானுகோவிச் ஒரு முட்டை பட்டதும் நிலைகுலைந்து வீழ்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பாரமான பொருளால் தாக்கப்பட்டார் என்று முதலிற் சொன்னார்கள். படச்சுருளிலே முட்டைதான் தெரிந்தது. நாடு முழுவதும் சிரித்தது. ஆளைக் காயப்படுத்தாத முட்டை அவருடைய மதிப்பைக் காயப்படுத்தியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயின், முட்டை எப்பொழுதும் குறி தப்பாமற் செல்வதில்லை. 2019 மே 7 ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் ஒல்பரி நகரிலே, பெண்கள் சங்கக் கூட்டமொன்றில் பிரதம மந்திரி ஸ்கொட் மொரிசனின் தலையில் எறியப்பட்ட முட்டை உடையாமலே தெறித்துப் போயிற்று. அப்பொழுது ஏற்பட்ட தள்ளுமுள்ளில் வீழ்ந்தவர் அங்கு வந்திருந்த முதிய பெண்மணி ஒருவர். பிரதம மந்திரியே குனிந்து அவரை எழுப்பினார்.

அதே மாதம் பிரித்தானியாவிலே முட்டையின் இடத்தை மில்க் ஷேக் பிடித்துக்கொண்டது. பாலையும் ஐஸ்கிறீமையும் சேர்த்தடித்த குளிர்பானம் அது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற நைஜல் பராஜின் கூட்டம் எடின்பரோவில் நடந்தபோது, அயலிலிருந்த உணவகமொன்று பொலிஸாரின் வேண்டுகோளுக்கிணங்க மில்க் ஷேக் விற்பதையே நிறுத்தியது. ஆயினும் மே 20 ஆம் நாள் நியூகாசில் நகரிலே அவர்மீது அது கொட்டுண்டது. மூன்று நாட்களின் பின் நடந்த வாக்கெடுப்பிலே அவருடைய கட்சி முதலிடம் பெற்றது. எறிந்தவருக்கு 350 பவுண் நட்டஈடும் 150 மணித்தியாலச் சமூக சேவையும் தண்டனையாயின. 2024 யூன் 4 ஆம் நாள் கிளக்டன் நகரிலே அவர் மீண்டும் அவ்வாறே நனைந்தார். எறிந்தவருக்குப் பதின்மூன்று வார ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அடுத்த மாதம் அத்தொகுதியிலேயே வென்று நாடாளுமன்றம் சென்றார் பராஜ்.

ஒரு குவளைப் பாலுக்குச் சிறைத்தண்டனையா என்று சிலர் வியக்கலாம். ஆனால், முகத்தை நோக்கி ஒரு திரவம் வரும் அந்தக் கணத்திலே, அது பாலா அமிலமா என்று எவரால் அறியமுடியும்? அந்நாட்டிலே ஜோ கொக்ஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் 2016 இலும், டேவிட் அமெஸ் என்பவர் 2021 இலும், தம் தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற இடத்திலேயே கொலையுண்டனர். மக்களை நெருங்கி நின்றமையே அவர்களுக்கு ஆபத்தாயிற்று. உண்ணும் பொருளும் ஆயுதமாகலாம் என்பதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 2018 நவம்பரிலே எமது பாராளுமன்றத்திலேயே மிளகாய்த்தூள் வீசப்பட்டது. அதனை வீசியவர்கள் வாக்காளர்களல்லர், வாக்குப் பெற்றவர்கள்.

மேடைக்கும் மக்களுக்கும் இடையே தூரம் விழுந்தால் என்ன நேரும் என்பதை இந்நாட்டு மக்களாகிய நாம் நன்கறிவோம். 1994 ஒக்டோபரில் தொட்டலங்கவில் நடந்த தேர்தற் கூட்டத்திலே ஜனாதிபதி அபேட்சகர் காமினி திசாநாயக்க குண்டுக்கு இரையானார். அவரோடு மாண்டவர் பலர். 1999 டிசெம்பரில், கொழும்பு நகரமண்டபத்தருகே நடந்த கூட்டத்தில், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதன்பின் தலைவர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்து பேசக் கேட்டோம். குண்டையும் முட்டையையும் நான் ஒருதட்டில் வைக்கவில்லை. அவ்வாறு வைப்பது பேதைமை. ஆயினும் ஒவ்வொரு முட்டையும் ஒரு காவலரை மேலதிகமாக வருவிக்கின்றது. ஒவ்வொரு காவலரும் ஒரு முழத் தூரத்தை உண்டாக்குகின்றார். எறிந்தவர் வீடு சென்றபின் அந்தத் தூரத்தின் இப்பால் நிற்பவர், கையிலே மகஜரோடு காலையிலிருந்து காத்து நின்ற வேறொருவர்.

கிளக்டன் சம்பவம் நிகழ்ந்து ஒரு கிழமையின் பின், பாண்ஸ்லி நகரிலே பராஜ் மேற்கூரையற்ற பேருந்தொன்றின் மேல்தட்டிலே நின்று பிரசாரஞ் செய்தார். கீழேயிருந்து பொருள்கள் எறியப்பட்டன. அவை அவர்மேற் படவில்லை. மருத்துவமனைக் கட்டிலைப் பற்றிக் கேட்க அன்று அத்தெருவிலே எவரேனும் வந்திருந்தால், அவர் குரலும் அந்த மேல்தட்டுக்கு எட்டியிராது.