கற்பது இலவசம், உழைப்பு இலவசம் அல்ல

(பூதிகோட்டையில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசியது)



எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. ஒயர் கூடை பின்னத் தெரியும். கொஞ்சம் கணக்குத் தெரியும். இந்த இரண்டைப் பற்றியும் பேசுகிறேன்.

என் அப்பா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. லயன் வீட்டில்தான் நான் பிறந்தேன். கல்யாணம் ஆகி பூதிகோட்டைக்கு வந்தேன். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அது உங்களுக்கும் தெரியும். மாதச் சம்பளம் நின்றது. ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். இன்றும் போகிறார்கள்.

எல்லோராலும் ரயில் ஏற முடியுமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும். படுக்கையில் மாமியார் இருப்பார். மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைப்பது பகலில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம்தான். அந்த நேரத்தில் ஏதாவது செய்து விற்கலாமே என்று நினைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கேதான் நாம் ஏமாந்தும் போகிறோம்.

நான் ஏமாந்த கதை

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆள் வந்தார். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். கைவேலை கற்றுத் தருகிறோம். சாமானும் தருகிறோம். செய்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்றார். ஆளுக்கு 500 ரூபாய் கட்டினோம். நாங்கள் 12 பேர். மொத்தம் 6,000 ரூபாய்.

முதல் தடவை பொருளை வாங்கினார். பணமும் கொடுத்தார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. இரண்டாம் தடவை "தரம் சரியில்லை" என்று திருப்பிவிட்டார். மூன்றாம் தடவை அவர் போனை எடுக்கவே இல்லை. ரசீது கேட்க வேண்டும் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த ஆள் கற்றுத் தந்தது என்ன தெரியுமா? பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருந்தால் காசில்லாமல் சொல்லிக் கொடுத்திருப்பார்!

இலவசமாக எங்கே கற்கலாம்?

முதலில் நம் ஊரிலேயே தேடுங்கள். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு எல்லாம் தெரிந்தவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். பூதிகோட்டைக்கு இது புதிதும் அல்ல. 2003-ஆம் ஆண்டு வாக்கில் 'நம்ம த்வனி' என்ற சமுதாய ஒலி மையம் இங்கே நடந்தது. மைராடா, வாய்சஸ், யுனெஸ்கோ ஆகிய அமைப்புகள் உதவின. கேபிள் வழியாக வீடுகளுக்கு நிகழ்ச்சி வந்தது. சுய உதவிக் குழுப் பெண்களே அதில் பேசினார்கள். ஒருவருக்குத் தெரிந்ததை ஊரே கேட்டது. அதைப் போல நாமும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பயிற்சி மையங்கள். 1982-இல் நம் கர்நாடகத்தில், உஜிரே என்ற ஊரில், 'ருட்செட்டி' என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கியது. தர்மஸ்தலாவின் கல்வி அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கின. அதைப் பார்த்து நாடு முழுவதும் மாவட்டந்தோறும் கிராமப்புற சுயதொழில் பயிற்சி நிறுவனங்களை வங்கிகள் நடத்துகின்றன. அங்கே பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். வயது வரம்பு உண்டு. உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள்.

மூன்றாவது, கையில் உள்ள போன். பிள்ளைகளிடம் சொன்னால் கூடை பின்னும் படங்களைத் தேடிக் காட்டுவார்கள். அதற்கும் காசு இல்லை.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். வேலை தருகிறேன் என்பவர் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

சாமானைப் பக்கத்தில் தேடுங்கள்

நம் கோலார் மாவட்டம் பட்டுக்கூடு விளையும் மாவட்டம். முட்டைக்காக வைக்கும் கூடுகளைத் துளைத்துக்கொண்டு அந்துப்பூச்சி வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து நீளமாக நூல் எடுக்க முடியாது. அதனால் அதற்கு விலை குறைவு. அந்தக் கூட்டை வெட்டி, சாயம் ஏற்றி, பூவும் மாலையும் செய்கிறார்கள். நூலுக்கு ஆகாத கூடு மாலைக்கு ஆகிறது. இப்படி நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது எது என்று பாருங்கள்.

கணக்கு நோட்டு சொன்ன உண்மை

நான் முதலில் இரண்டு ரோல் கூடை பின்னினேன். ஒயர் 120 ரூபாய். கூடையை ஒரு கடைக்கு 180 ரூபாய்க்குக் கொடுத்தேன். 60 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டேன்.

மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற பிறகு, ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

ஒயர் 120 ரூபாய்.
கைப்பிடிச் சாமான் 10 ரூபாய்.
பஸ் செலவில் ஒரு கூடைக்கு 10 ரூபாய்.
மொத்தச் செலவு 140 ரூபாய்.
விற்றது 180 ரூபாய்.
மிச்சம் 40 ரூபாய்.

அந்தக் கூடைக்கு எனக்கு ஆன நேரம் 5 மணி. அப்படியானால் ஒரு மணிக்கு 8 ரூபாய்! அப்போது ஒரு டீ 10 ரூபாய். ஒரு மணி நேரம் விரல் வலிக்கப் பின்னினாலும் ஒரு டீ குடிக்க முடியாது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

கூடைக்கு விலையை ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றினால் கடைக்காரர் வாங்க மாட்டார். ஆகவே பொருளை மாற்றினேன். ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டு போக வேண்டும் அல்லவா? அவர்களுக்காக ஒரு ரோலில் சின்ன டிபன் கூடை பின்னினேன். கடைக்குப் போகாமல் நானே நேரில் விற்றேன். அவர்கள் கேட்ட நிறத்தில் பின்னிக் கொடுத்தேன்.

எல்லாச் செலவும் சேர்த்து 70 ரூபாய். விற்றது 145 ரூபாய். மிச்சம் 75 ரூபாய். ஆன நேரம் இரண்டரை மணி. ஒரு மணிக்கு 30 ரூபாய்!

பெரிய கூடையைவிடச் சின்னக் கூடை நல்லது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நோட்டுதான் சொன்னது. 30 ரூபாயும் பெரிய கூலி அல்ல. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் மருந்துக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

இன்னும் ஒரு வார்த்தை. இப்போது போனிலேயே பணம் அனுப்புகிறார்கள். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணைப் போடவே தேவையில்லை. பணம் கொடுக்கும்போதுதான் அந்த எண் வேண்டும். "எண்ணைப் போடுங்கள், பணம் வரும்" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

வீட்டு வேலையும் வேலைதான்

"சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறாய், அதற்கு எதற்குக் கூலி?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டு நாமும் தலையாட்டுகிறோம். 1972-இல் அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். வீட்டில் பீடி சுற்றுபவர், துணி தைப்பவர் எல்லோரும் தொழிலாளிகளே என்று அந்தச் சங்கம் சொன்னது. 1996-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காகத் தனி உடன்படிக்கை செய்தது. அவர்கள் ஒப்புக்கொண்டதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டாமா?

ஆகவே சகோதரிகளே, இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். சாமான் செலவை எழுதுங்கள். வழிச் செலவை எழுதுங்கள். உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். கட்டாத வேலையை விட்டுவிடுங்கள். கட்டுகிற வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக் கொடுங்கள். உங்கள் உழைப்பை மட்டும் இலவசமாகக் கொடுக்காதீர்கள்.



பேசிப் பார்ப்போம்

1. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பொருள் எது? அதில் என்ன செய்யலாம்?
2. நீங்கள் கடைசியாகச் செய்து விற்ற பொருளுக்கு எத்தனை மணி நேரம் ஆனது? ஒரு மணிக்கு எவ்வளவு கிடைத்தது?
3. முன்பணம் கேட்டு வருபவரிடம் என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்?