பிக் லைனா, போர்ட்டா? கீமோவுக்கு முன் கேட்டுவிடுங்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, பாங்க்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நம் அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து கீமோவுக்குப் பெங்களூரு கித்வாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. மருந்து எந்த வழியாக உடம்பில் ஏறப்போகிறது என்பதை வீட்டாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையில் குத்தும் சாதாரண ஊசிக்குழாய் ஓரிரு நாள் குளுக்கோஸுக்குச் சரி. கீமோவில் டாக்ஸோரூபிசின் என்று ஒரு சிவப்பு மருந்து உண்டு. அது ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். அதனால் நீண்ட சிகிச்சைக்கு, இதயத்தின் அருகே உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும் டியூபை வைக்கிறார்கள்.

பிக் லைன் என்பது மேல்கை வழியாக உள்ளே போகும். முனை வெளியே இருக்கும். வைப்பது சுலபம், செலவு குறைவு. ஆனால் வாராவாரம் டிரெஸ்ஸிங் மாற்றி, சலைன் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். நனையவே கூடாது. போர்ட் என்பது சின்ன ஆபரேஷன் செய்து நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு டப்பா. காயம் ஆறியபின் தாராளமாகக் குளிக்கலாம். சிகிச்சை இல்லாத நாட்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும். விலைதான் கூடுதல், எடுக்கவும் ஆபரேஷன் வேண்டும்.

பிரிட்டனில் ஆயிரம் பேருக்கு மேல் நடத்திய ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வந்தது. அதில் இவை இரண்டையும் ஒப்பிட்டபோது, பிக் லைன்காரர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று, ரத்தக்கட்டு என்று ஏதாவது சிக்கல். போர்ட் வைத்தவர்களில் 32.

காமர்ஸ் படித்தவன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. வைக்கும் விலையோடு வாராவாரம் பஸ் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் கூட்டுங்கள். நம் ஊர் தூரத்துக்குப் பல மாத சிகிச்சை என்றால் போர்ட்தான் கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம். சிகிச்சை குறுகியது என்றாலோ, ஆபரேஷன் தாங்காத உடம்பு என்றாலோ பிக் லைன்தான் சரி, முடிவு டாக்டருடையது. அப்படியானால், "பக்கத்தில் யார் டிரெஸ்ஸிங் செய்வார்கள்?" என்று அன்றே கேளுங்கள். தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ பழகிய நர்ஸ் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மார்பக ஆபரேஷனில் அக்குள் கட்டிகள் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பார்கள், மறக்காமல் சொல்லுங்கள். பிக் லைன் உள்ள கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ கை வீங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே வண்டி பிடியுங்கள். நம் குடியிருப்பில் யார் கதவைத் தட்டினாலும் கார் கிடைக்கும்.