தள்ளிவைத்தது எத்தனை வருடம்?

(திரையிடலுக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமாவில் சாதி பற்றி ஆய்வு செய்கிறவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அந்த ஆய்வு தொடங்கிய இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எங்கள் காலனியில், வாடகைக்கு எடுத்த ஒரு டிவி முன்னால்தான் அது தொடங்கியது.

தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது 2006இல். அதற்கு முன் எங்கள் காலனியில் ஒரு வீட்டிலும் டிவி கிடையாது. படம் பார்க்க ஊர்த்தெருவுக்குப் போக வேண்டும். வாசலுக்கு வெளியே நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்க்கலாம். வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினால் படம் முடிந்தது. அப்படி நான் முடிவு பார்க்காத படங்கள் நிறைய.

அதனால்தான் ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் வீட்டுக்கு ஐந்து ரூபாய் வசூலித்து, டவுனிலிருந்து டிவியும் சிடி பிளேயரும் வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். எங்கள் வாசலில், பாய் விரித்து, உட்கார்ந்து பார்ப்போம். உட்கார்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். கீறல் விழுந்த சிடி பாதியில் நின்றுவிடும். யாராவது பனியனில் துடைத்துத் திரும்பப் போடுவார்கள். அந்த இடைவெளியில் எல்லோரும் பேசுவார்கள்.

அப்படி ஓர் இரவு ‘நாட்டாமை’ ஓடியது. 1994இல் வந்து சக்கைப்போடு போட்ட படம். நாட்டாமை தன் சொந்தக்காரர் குடும்பத்தையே பதினெட்டு வருடம் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார். பையன்கள் எல்லோரும் கைதட்டினோம். சிடி நின்றது. பின்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா கேட்டார்:

“பதினெட்டு வருசந்தானா? நம்மளத் தள்ளி வெச்சது எத்தினி வருசம்னு அந்த ஆள சொல்லச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிடி மறுபடி ஓடியது. மறுபடி கைதட்டினேன்.

‘சின்ன கவுண்டர்’, ‘தேவர் மகன்’, ‘எஜமான்’ என்று தொண்ணூறுகளின் படங்களைப் பற்றிப் பின்னாளில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஆயாவின் கேள்வி திரும்ப வந்தது. ஊர்ப் பெரியவர் எவ்வளவு நியாயமானவர் என்று இந்தப் படங்கள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்க விடுவதில்லை. ஆயா அதைத்தான் கேட்டார். ஆய்வேட்டில் அதை எழுதினேன். படித்த ஒருவர் ஓரத்தில் குறித்தார்: ‘தனிப்பட்ட அபிப்பிராயம், நீக்கவும்.’

தோழர்களே, கைதட்டியவர்களின் அபிப்பிராயத்துக்கு ரசனை என்று பெயர். கேள்வி கேட்டவரின் அபிப்பிராயம் மட்டும் தனிப்பட்டதாகிவிடுகிறது. நான் நீக்கவில்லை.

ஆயா இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன் லேப்டாப்பில் நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். 2013இல் வந்த மராத்திப் படம். வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பன்றி பிடிக்கும் குடும்பம், பள்ளியில் தேசிய கீதம் ஒலித்ததும் அப்படியே நிற்கிறது. அந்தப் பையன் பன்றியை விரட்டுவதைக் கூடப் படிக்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மா நிறுத்தச் சொன்னார்.

“எங்க பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைங்க எழுதும்போது நாங்க பெருக்குவோம். ஜன்னல்ல நின்னு சிரிப்பாங்க. அதான் அஞ்சாவதோட நின்னுட்டேன்” என்றார்.

வீட்டில் கஷ்டம், அதனால் நின்றார் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அதைச் சொல்ல அவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. தியேட்டரில் சொல்லியிருக்க மாட்டார். நிறுத்தச் சொல்ல முடிகிற இடம் வீடுதான்.

இப்போது ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு படம். முடிந்ததும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறோம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் ஒரு படத்தை வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்து பாருங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்துங்கள். நாம் படித்ததை எல்லாம் எடுத்துவிடாமல், அம்மாவை, ஆயாவை முதலில் பேச விடுங்கள்.

அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். நான் சிரித்தேன்.