நோய் இரண்டு, மனிதர் ஒருவர்

(பெங்களூரு, காக்ஸ் டவுனில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொகேய்ன் நமக்குத் தொலைவிலுள்ள தீமை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மேற்கொண்டு 2019-இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் மது அருந்துவோர் 14.6 சதவீதத்தினர், கொகேய்ன் பயன்படுத்துவோர் 0.1 சதவீதத்தினரே. விகிதம் சிறிது, எனினும் தொகையளவில் அவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர்.

கொகேய்ன் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைத் தேங்கச் செய்து, சிறிது நேரம் மிகையான களிப்பை அளிக்கிறது. நாளடைவில் காரணமற்ற அச்சமும், பிறர் தம்மைப் பின்தொடர்கின்றனர் என்ற ஐயமும், தோலுக்கடியில் பூச்சி ஊர்வது போன்ற உணர்வும் தோன்றக்கூடும். நிறுத்தியதும் கடுஞ்சோர்வு கவிகிறது. தற்கொலை எண்ணமும் எழலாம். வேறு சிலருக்கோ மனச்சோர்வோ இருமுனை மனநோயோ முன்பே இருக்கும்; அத்துன்பத்தைத் தணிக்க எண்ணியே அவர்கள் போதையை நாடியிருப்பர்.

எது முந்தியது என்பதை ஒரே நாளில் அறிய இயலாது. போதை நின்ற சில வாரங்களில் மறையும் குறிகளும் உண்டு, மறையாதவையும் உண்டு. அதுவரை சிகிச்சையை ஒத்திவைத்தல் ஆபத்தாகும். "முதலில் பழக்கத்தை விட்டு வா" என்று மனநல மருத்துவமனையும், "முதலில் மனநோயைத் தீர்த்து வா" என்று போதை மீட்பு இல்லமும் கூறுமாயின், அம்மனிதர் எங்கே செல்வார்? இரண்டையும் ஒரே குழுவினர், ஒரே காலத்தில் கவனிப்பதே முறையாகும். கொகேய்ன் பழக்கத்தை நீக்கவென்று ஏற்பளிக்கப்பட்ட மருந்து இல்லாமையால், உளவியல் ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் இன்றியமையாதவை.

இந்நகரின் ஓசூர் சாலையில் 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மனநல மருத்துவமும் போதை மீட்பு மருத்துவமும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இவ்வமைப்பு மாவட்ட மருத்துவமனைகளுக்கும் பரவுதல் வேண்டும்.

சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள்கள் ஆகியவற்றால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறையில் சேர்த்துள்ளது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பு பெற்ற நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்களிக்கிறது.

அலுவலர்களே, இப்பிரிவை உரியவருக்கு எடுத்துரைப்பது உங்கள் கடமை. மாணவர்களே, நண்பர் ஒருவரின் பேச்சில் அச்சமோ சாவின் நினைவோ தென்பட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. தண்டனைக்கு அஞ்சி நோயை மறைப்பவர், சிகிச்சை உண்டென்று அறிந்தால் வெளியே வருவார்.