வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தொழிலாளி செத்தால் "விபத்து" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், ஏதோ விதி வந்து விழுந்ததுபோல. நாம் இன்று ஒரு பாலத்தின் கதையைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு, அது விதியா, நிர்வாகமா என்று நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில், யார்ரா நதிக்குக் குறுக்கே வெஸ்ட் கேட் பாலத்தைக் கட்டினார்கள். இரும்புத் தகடுகளைப் பெட்டிபோல் இணைத்த பாலம் அது. ஒரு கண்ணை நீளவாக்கில் இரண்டு பாதியாகச் செய்து, தனித்தனியே உயரத் தூக்கி, மேலே வைத்து இணைப்பது என்று ஏற்பாடு.

112 மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணில் இரண்டு பாதிகளும் ஒட்டவில்லை. ஒன்று மற்றதைவிட 4½ அங்குலம் உயர்ந்து நின்றது. கீழே இறக்கிச் சரிசெய்தால் நாளாகும், பணமாகும். வேலையோ ஏற்கெனவே பின்தங்கிக் கிடந்தது. ஆகவே உயர்ந்த பாதியின் மீது தலா 8 டன் கான்கிரீட் பாளங்களை ஏற்றி அமுக்கினார்கள். தகடு புடைத்துக்கொண்டது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1970 ஜூனில், வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் இதே இனத்துப் பாலம் கட்டும்போதே விழுந்து 4 பேர் மாண்டிருந்தனர். இரண்டு பாலங்களுக்கும் திட்டம் போட்டது ஒரே லண்டன் கம்பெனி. மெல்போர்ன் தொழிலாளர் கவலைப்பட்டனர். பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

1970 அக்டோபர் 15. புடைப்பை நேராக்குவதற்காகக் காலையில் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள். பகல் 11-50க்கு அந்தக் கண் முழுவதும் பெயர்ந்து விழுந்தது. எடை சுமார் 2,000 டன். அதன் நேர் கீழேதான் தொழிலாளரின் கொட்டகைகள் இருந்தன! மேலே நின்றவர், பெட்டிக்குள் இருந்தவர், கொட்டகையில் இருந்தவர் என்று 35 பேர் மாண்டனர். அவர்களில் இஞ்சினீயர்களும் உண்டு.

விசாரணைக் கமிஷன் 1971ல் அறிக்கை தந்தது. திட்டம் போட்ட கம்பெனியையும் கண்டிராக்டர்களையும் குற்றம் சாட்டியது. சங்கங்கள் மீதும் பழியில் ஒரு பங்கைப் போட்டது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: புடைத்த தகட்டைக் காட்டி, "ஆட்களை இறக்கு!" என்று உத்தரவிடும் அதிகாரம் தொழிலாளியின் கையில் இருந்ததா?

அந்த அதிகாரம் பின்னால்தான் வந்தது. 1985ல் விக்டோரியா மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, உடனடி அபாயம் இருந்து, முதலாளியிடம் பேசியும் தீராவிட்டால், தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதி வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை பெற்றார்.

தோழர்களே! பாலம் விழுந்தது அக்டோபர் 15ல். ஆனால் அபாயம் பிறந்தது, "இறக்க நேரமில்லை, அமுக்கிச் சமாளி" என்று முடிவு செய்த நாளில். ஓடும் மிஷினில் கையை விட்டுப் பஞ்சை எடுக்கச் சொல்லும் மேஸ்திரியும், வெடி வைத்த கிணற்றில் பாறை அடங்குமுன் இறங்கச் சொல்லும் பண்ணையாரும் அதே முடிவைத்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே நாம் கோருவது:

1. வேலை முறையை மாற்றினால் எழுத்தில் தரவேண்டும். பொறுப்பாளி கையெழுத்திட வேண்டும்.

2. அபாய வேலை நடக்கும்போது கீழே ஒரு ஆளும் இருக்கக்கூடாது.

3. தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்கு வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை வேண்டும். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது.

விழுந்த பாலத்தை மறுபடி கட்டி, 1978ல் திறந்தார்கள். அந்த 35 பேர் திரும்பி வரவில்லை. கூலி உயர்வுக்குச் சங்கம் சேர்ந்த நாம், உயிரோடு வீடு திரும்புவதற்கும் சங்கமாக நிற்போம்!