இரத்தம் சொல்வதும் மூச்சு சொல்வதும்
(படுவான்கரையில் நடந்த தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாரி தொடங்கினால் நம் வீடுகளில் ஒரு கேள்வி வந்துவிடும்: “பிளேட்லெட் எத்தனை?” டெங்கு நமக்குக் கற்றுத்தந்த பாடம் அது. காய்ச்சல் மூன்றாம் நாளில் இரத்தம் பார்க்க வேண்டும் என்பது இன்று நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரியும். கொவிட், இன்புளுவென்சா போல நெஞ்சைத் தாக்கும் வைரஸ் நோய் யாருக்கு முற்றும் என்பதையும் இரத்தத்தில் பார்க்கலாமா என்று சென்ற கூட்டத்தில் கேட்டீர்கள். ஓரளவுக்குப் பார்க்கலாம்.

2020 மார்ச்சில் புணாணையில் தனிமைப்படுத்தல் நிலையம் திறந்தபோது கொவிட் பற்றி உலகத்துக்கே அதிகம் தெரியாது. அதே மாதம் சீனாவின் வூகானில் சிகிச்சை பெற்ற 191 நோயாளரின் விவரம் வெளிவந்தது. வைத்தியசாலையில் சேரும்போதே டி-டைமர் கூடியிருந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. உடம்புக்குள் உறைந்த இரத்தம் கரையும்போது மிஞ்சும் துண்டுதான் டி-டைமர். வேறு அடையாளங்களும் உண்டு. ஈரல் உண்டாக்கும் சீ.ஆர்.பி. என்ற புரதம், அழற்சி கூடக் கூட ஏறும். பெரிட்டினும் ஏறும். லிம்போசைட் என்ற வெள்ளணு குறையும்.

ஆனால் ஒரு எண் தனியே தீர்ப்புச் சொல்லாது. சீ.ஆர்.பி. பக்டீரியாத் தொற்றிலும் ஏறும். டி-டைமர் கர்ப்பத்திலும் முதுமையிலும் ஏறும். அதனால் பிரித்தானியாவில் 260 வைத்தியசாலைகளின் கொவிட் நோயாளரை ஆராய்ந்தவர்கள், எட்டு விடயங்களைச் சேர்த்துப் புள்ளியிடும் முறையை 2020 செப்டெம்பரில் வெளியிட்டார்கள். வயது, ஆணா பெண்ணா, ஏற்கெனவே உள்ள நோய்கள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒட்சிசன் அளவு, நினைவுத் தெளிவு, யூரியா, சீ.ஆர்.பி. எண்ணிப் பாருங்கள். எட்டில் கடைசி இரண்டுக்குத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். மற்ற ஆறையும் நம் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். அதில் ஒன்றுக்கு மட்டும் விரலில் மாட்டும் சிறு கருவி வேண்டும்.

தேங்காய் உரிக்கும் நம் அக்கா ஒருவர் காய்ச்சல் ஐந்தாம் நாளும் வேலைக்குப் போனார். போகாவிட்டால் நாட்சம்பளம் இல்லை. ஏழாம் நாள் இரவு மூச்சு வாங்கியது. வாகனம் தேடி, வாவியைச் சுற்றிக்கொண்டு வைத்தியசாலை சேர விடிந்துவிட்டது. இரத்தம் பார்த்தார்கள், எண்களெல்லாம் ஏறியிருந்தன. அக்கா பிழைத்தார், ஆனால் இன்றும் அவரால் சுமை தூக்க முடியவில்லை. எண்கள் பொய் சொல்லவில்லை. நாம்தான் பிந்திப் போனோம்.

பிந்தினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து, ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளரிடையே இறப்பைக் குறைத்தது என்று 2020 ஜூனில் தெரியவந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. மருந்தை யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதற்கே மூச்சுத்தான் அளவுகோல். அதனால் யாரும் அதைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது.

ஆகவே மூச்சை எண்ணப் பழகுவோம். நோயாளி ஓய்வாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 20ஐத் தாண்டினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும், 30 என்றால் ஆபத்து. கருவியில் ஒட்சிசன் 94க்குக் கீழே போனால் உடனே வைத்தியசாலை. கறுத்த தோலில் அந்தக் கருவி சிலவேளை அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே எண் நன்றாக இருந்தாலும் ஆள் சோர்ந்தால் காத்திருக்க வேண்டாம். தனியார் ஆய்வுகூடத்தில் கூலியைக் கொட்டி எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைக்குப் போவோம், எது தேவை என்று வைத்தியர் சொல்லட்டும்.

நிர்வாகத்திடம் நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். காய்ச்சல் நாளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை. இரவிலும் நோயாளரை ஏற்றிச்செல்ல ஒரு வாகனம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒட்சிசன் பார்க்கும் கருவி ஒன்று. வைத்தியசாலையில் எத்தனை நல்ல பரிசோதனை இருந்தாலும், நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அது நமக்கு உதவும். அந்த நேரத்தைப் பெற்றுத் தருவது சங்கத்தின் வேலை.