டயரைப் பார்த்து வாங்குவோம்! வரியைக் குறைக்கப் போராடுவோம்!

(கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தக்காளியும் முருங்கையும் விடியுமுன்னே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரணும். அதற்குத்தான் கடன் பட்டாவது குட்டியானையும் பிக்கப்பும் வாங்கி வைத்திருக்கிறோம். வழியில் டயர் வெடித்தால் சரக்கு மட்டுமா போகும்? வண்டியில் இருக்கிற உயிரும் போகும். ஆகவே டயரைப் பற்றி நாம் நாலு விசயம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, பாரம். டயரின் பக்கவாட்டில் 145 ஆர் 12 எல்டி 8 பிஆர் என்று எழுதியிருக்கும். 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். 12 என்பது ரிம் அளவு, அங்குலத்தில். எல்டி என்றால் சரக்கு வண்டி டயர். 8 பிஆர் என்பது அதன் பலம். ரிம்முக்குப் பொருந்துதே, விலையும் குறையுதே என்று கார் டயரைப் போடக் கூடாது. அது ஆள் ஏற்ற வந்தது, மூட்டை ஏற்ற வந்ததல்ல. பார எண் என்று ஒன்றும் இருக்கும். 90 என்றால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. நம் வண்டிப் புத்தகத்தில் சொன்ன எண்ணுக்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, வயசு. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1525 என்றால் 2025ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் தயாரானது. கடையில் வருசக்கணக்காகக் கிடந்த டயர் புதுசு போலத்தான் மினுங்கும், ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். தேதியைப் பார்க்காமல் காசை எடுக்காதீங்க.

மூன்றாவது, தேய்மானம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக் கூடாது. பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆகணும். ரீட்ரேடு டயரை முன்சக்கரத்தில் போட வேண்டாம். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டயர்தான் இருக்கணும்.

நான்காவது, காற்று. காலையில் வண்டி ஓடுமுன், டயர் சூடேறாதபோது பாருங்க. காற்றுக் குறைவும் அதிக பாரமும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் நல்ல டயரும் வெடிக்கும்.

சரி, பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். வரி எவ்வளவு கட்டுகிறோம்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இந்த டயருக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கினார்கள். அதே நாளில் டிராக்டர் பின் டயருக்கு 18 சதவீதத்தை 5 ஆக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் டிராக்டர் உழுகிறது, பிக்கப் விளைச்சலைச் சந்தைக்குச் சேர்க்கிறது. இரண்டும் விவசாயம்தானே! ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிற வியாபாரி கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிறார். பதிவில்லாத நமக்கு அந்த வழியும் இல்லை. அடக்க விலை 5,000 ரூபாய் என்று வையுங்க. 18 சதவீதத்துக்கு 900, 5 சதவீதத்துக்கு 250. டயருக்கு 650, நாலு டயருக்கு 2,600 ரூபாய் நம் கையை விட்டுப் போகிறது.

விவசாயி பெயரில் உள்ள சிறு சரக்கு வண்டியின் டயருக்கும் 5 சதவீதமே விதிக்க வேண்டும்! ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழக அரசு இதை வலியுறுத்த வேண்டும்! பில் இல்லாமல் டயர் வாங்காதீர்கள். அந்த பில்லின் நகலைக் கிளையில் கொடுங்கள். மனுவோடு அத்தனையும் இணைத்துத் தாலுகா அலுவலகத்தில் திரளாகப் போய்க் கொடுப்போம்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!